தாள்களைக் குவித்தால் புள்ளி ஏறுமா?



அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். மகள் பிரிட்டனில் சட்டம் பயில விரும்புகிறாள். அதற்காக எல்நாட் என்னும் நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறாள். "ஐயா, ஒன்பது மாதிரித் தாள் செய்துவிட்டாள். முதல் மூன்று தாளில் 18இலிருந்து 24க்கு ஏறினாள். அதன்பின் 23, 25, 24 என்று அங்கேயே நிற்கிறது. இன்னும் இருபது தாள் வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் வியந்தார். பயிற்சி போதாது என்பதைத் தவிர வேறு காரணமும் இருக்கக்கூடும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. அவரை அப்படிப் பழக்கியவர்கள் யார்? ஆசிரியர்களாகிய நாம்தான்!

எல்நாட் தேர்வு 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் சட்டப் படிப்புக்கு இதனைக் கேட்கின்றன. முதற்பிரிவில் 12 பனுவல்கள், 42 வினாக்கள், 95 நிமிடங்கள். இரண்டாம் பிரிவில் 40 நிமிடங்களில் ஒரு கட்டுரை. சட்ட அறிவு இதில் சோதிக்கப்படுவதில்லை. எழுதியவர் என்ன முடிவுக்கு வருகிறார், எதை ஆதாரமாக வைக்கிறார், எதைச் சொல்லாமலேயே நம்பிக்கொள்கிறார் என்பனவே வினாக்கள். ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரு முறைதான் எழுத முடியும்.

மனனம் செய்யவோ ஊகித்து வைக்கவோ இத்தேர்வில் ஒன்றும் இல்லை. முதல் மூன்று நான்கு தாள்களில் புள்ளி ஏறுவது உண்மை. ஆனால், அது தேர்வின் அமைப்பும் கால அளவும் பழகியதால் வந்த ஏற்றம். பழகி முடிந்ததும் அந்த ஏற்றமும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் தாளை மாற்றி மாற்றிக் கொடுத்தால், மாணவர் அதே தவற்றை வேறு வேறு தாளில் செய்கிறார். தவறு கைப்பழக்கமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். பத்து வினாவுக்கு ஆறு சரியாகச் செய்யும் ஒருவர் 42 வினாக்களில் சராசரியாக 25 பெறுவார். அவருடைய திறன் இம்மியும் மாறாமலேயே ஒரு நாள் 22, மறுநாள் 28 என்று வரக்கூடும். நிகழ்தகவுக் கணக்கின்படி இது இயல்பான ஊசலாட்டமே. 25 வந்தால் பாராட்டு, 23 வந்தால் கண்டிப்பு என்று வீட்டில் நடந்தால், பிள்ளையை நாம் ஒரு தற்செயலுக்காகக் கண்டிக்கிறோம்!

சரி, தேக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். "நகரில் புத்தகக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஆகவே, மக்கள் வாசிப்பதை விட்டுவிட்டனர்." இவ்வாதத்தின் சொல்லப்படாத நம்பிக்கை எது? வாசிப்பவர் கடையில்தான் நூல் வாங்குவர் என்பது. ஆனால், "வாசிப்பு அறிவை வளர்க்கும்" என்றொரு விடையும் அருகிலேயே இருக்கும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, உண்மையும்கூட. நம் மாணவர் அதில் போய் விழுகிறார். உண்மையான கூற்று, வினாவுக்கு விடையான கூற்று ஆகிய இரண்டையும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஏன்? கருத்துணர்தல் பாடத்தில் நாம் என்ன செய்தோம்? வினாவில் உள்ள சொல்லைப் பனுவலில் தேடு, அந்த வரியை அப்படியே எழுது என்றோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது; ஆனால், அத்தேர்வுக்காக நாம் வளர்த்த பழக்கம் நீங்கவில்லை. அந்த மாணவிக்கு வரியைத் தேடக் கற்றுக்கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தந்தையாரிடம் நான் சொன்னவை இவை:

1. இரண்டு வாரங்களுக்குப் புதிய தாள் எதையும் தொட வேண்டாம். செய்த தாள்களையே எடுக்கட்டும்.

2. விடைப்பட்டியலைப் பார்க்காமல், கடிகாரம் இல்லாமல், ஐயமிருந்த வினாக்களை மீண்டும் செய்யட்டும். நேரம் கிடைத்ததும் சரியானால் சிக்கல் வேகத்தில் உள்ளது. நேரமிருந்தும் தவறினால் சிக்கல் வாசிப்பில் உள்ளது. இரண்டுக்கும் மருந்து வேறு.

3. தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு வரி எழுதட்டும்: தவறான விடை என்னை ஏன் கவர்ந்தது? சரியான விடையை நான் ஏன் ஒதுக்கினேன்? "கவனக்குறைவு" என்று எழுதக்கூடாது. அது காரணம் ஆகாது.

4. நாள்தோறும் நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை வாசித்து, அதன் முடிவையும் சொல்லப்படாத நம்பிக்கையையும் ஒரு வரியில் எழுதட்டும். கட்டுரைப் பிரிவுக்கும் இது கைகொடுக்கும்.

"இவ்வளவு மெதுவாகப் போனால் எப்படி ஐயா? மற்ற பிள்ளைகள் நாளுக்கு ஒரு தாள் செய்கிறார்களே!" என்றார். செய்யட்டும். நாற்பது தாள் செய்து எந்தத் தவற்றையும் அடையாளம் காணாத மாணவரைவிட, பத்துத் தாள் செய்து தன் தவறுகளுக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவர் தேர்வு அறைக்குள் தெளிவோடு நுழைவார். இந்த வழியில் புள்ளி ஏறியே தீரும் என்று நான் உறுதி கூறவில்லை. சிலருக்கு எல்லை அங்கேயே இருக்கலாம். ஆனால், இருபது தாளை வாங்கிக் குவிப்பவருக்கு அந்த எல்லை எது என்பதே தெரியப் போவதில்லை.

பிரத்தியேக வகுப்பு நடத்துவோருக்குத் தாள்களைக் கொடுப்பது எளிது. கட்டணத்தைக் காட்டுவதற்கும் வசதி. ஒரு மாணவரின் அருகே அமர்ந்து "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்பது கடினம். அந்தக் கேள்வியைப் பதினெட்டு அகவையில் எல்நாட் முதன்முதலாகக் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நான்காம் ஆண்டு வகுப்பிலேயே, நாளைய கருத்துணர்தல் பாடத்திலேயே நாம் கேட்கலாமே!

சிந்திப்போம், செயல்படுவோம்.