பேரிங்குக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயமா?

புது மோட்டாரை ஓட்ட ஆரம்பிச்சதும் அதோட அதிர்வை அளந்து குறிச்சு வைக்கணும்னு மெயின்டனன்ஸ் வகுப்புல படிக்கிறோம். அந்த முதல் அளவு இருந்தாத்தான், பேரிங் தேயுறதை அது உடையுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியும். சரி, அந்த மெஷின் பக்கத்திலேயே நாள் முழுக்க நிக்கிறவரோட காதுக்கு அப்படி ஒரு முதல் அளவு எத்தனை இடத்துல இருக்கு?

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள்ள போனவங்களுக்குத் தெரியும். பக்கத்துல நிக்கிறவர்கிட்டயே கத்தித்தான் பேசணும். நாடா ஓடுற சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாத் தாண்டும். அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபல்னா 1 மணி நேரம்தான். தறியில் 12 மணி நேர ஷிப்ட் ரொம்ப சகஜம்.

இதுல பெரிய சிக்கல், பாதிப்பு அவருக்கே தெரியாது என்பதுதான். இரைச்சல் முதலில் தாக்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதால், ஆரம்பத்தில் எந்தக் குறையும் தோன்றாது. ஷிப்ட் முடிஞ்சதும் காது அடைக்கும், கொய்ங்னு கேக்கும், காலையில சரியாயிடும். "பழகிடுச்சு தம்பி"ன்னு விட்டுடுவாங்க. பல வருஷம் கழிச்சு, "பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல"ன்னு வரும்போது காலம் கடந்திருக்கும். உட்செவியில் அழிந்த நுண்மயிர்ச் செல்கள் திரும்ப வளராது. பேரிங் மாதிரி கழட்டி மாத்தவும் முடியாது.

ஆனா ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிற பள்ளம் இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே தெரிஞ்சிடும். சோதனைக்கு அரை மணி நேரம் போதும். வேலையில் சேரும்போது ஒண்ணு, பிறகு வருஷத்துக்கு ஒண்ணு. முதல் சோதனையை நல்லா ஓய்வெடுத்த பிறகு, ஷிப்டுக்கு முன்னாடி எடுக்கணும். அது இல்லைன்னா, "இந்தக் குறை முன்னாடியே இருந்தது"ன்னு முதலாளி கைகழுவவும் வழி இருக்கு.

"ரிசல்ட் மோசமா வந்தா வேலை போயிடுமே" என்ற தொழிலாளியின் பயம் நியாயமானது. அதனால ஒண்ணைத் தெளிவாச் சொல்லணும்: பள்ளம் தெரிஞ்சா குறைக்க வேண்டியது சத்தத்தை, ஆளை இல்லை. மெஷினைச் சரிபார்ப்பது, சத்தத்தில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது, காதுக்குப் பொருந்தும் இயர்பிளக் கொடுப்பது எல்லாம் நிர்வாகத்தின் வேலை. காதுல பஞ்சு வைக்கிறதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

அடுத்த தடவை இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போறப்போ, மெஷின்களோட அதிர்வு ரிஜிஸ்டரைப் பெருமையாக் காட்டுவாங்க. பாருங்க. அப்படியே, ஆடியோகிராம் ஃபைல் எங்க சார்னும் கேளுங்க.