அத்தையின் பென்ஷன்

சகோதரிகளே, சமையல் குறிப்பைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இந்தத் தடவை பணக் கணக்குக்கு வருகிறேன். வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் யாராவது இருந்தால் அவசியம் படியுங்கள்.

என் மாமியார் திண்டிவனத்தில் கணக்கு டீச்சராக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றவர். அப்போது ஓய்வு வயது 58. (2020-ல் 59, 2021-ல் 60 என்று ஆனது பிறகுதான்.) மாதா மாதம் அவர் பென்ஷன் வந்தால்தான் எங்கள் வீட்டில் பால்காரருக்கும், அவருடைய பி.பி. மாத்திரைக்கும் பாக்கி இல்லாமல் ஓடும்.

2019 ஜனவரி 22-ம் தேதி ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. பள்ளிகளை நடத்த மாதம் 10,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கலாம் என்று அரசு சொன்னது. குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்த கையோடு பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். "டீச்சரம்மா, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குது. நீங்க வந்து கணக்கு எடுங்க."

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. "அத்தை, சம்பளம் வாங்கினா பென்ஷன் நின்னுடாதா?"

பக்கத்து வீட்டு மாமா கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கேட்டேன். "பென்ஷன் நிக்காதும்மா. ஆனா எந்த வேலைன்னு பாக்கணும்" என்றார். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியரை, பாடம் பாதியில் நிற்காமல் இருக்க ஆண்டு முடியும் வரை மறுநியமனம் செய்வது நம் மாநில வழக்கம். அதில் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பென்ஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். அகவிலைப்படியை இரண்டு பக்கமும் வாங்க முடியாது. சில நாட்களுக்குத் தரும் தொகுப்பூதியம் வேறு ரகம். எதுவானாலும் வருடாந்திர நேர்காணலில் மறுவேலை பற்றிக் கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் பின்னால் பென்ஷனில் மொத்தமாகப் பிடிப்பார்கள், அப்போது அழுது பயனில்லை.

வெளிநாட்டிலும் இந்தத் தலைவலி உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 65 வயதுக்குக் குறைந்த அரசு ஓய்வூதியர் திரும்பவும் அரசு வேலைக்குப் போனால், 2022 நிலவரப்படி ஆண்டுக்கு 35,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் பென்ஷனுக்கு ஆபத்து என்று இருந்தது. கொரோனாவில் ஆசிரியர் பஞ்சம் வந்ததும், பள்ளி வேலைக்கு மட்டும் 2022-ல் அந்த வரம்பைத் தள்ளி வைத்தார்கள்.

நான் நிம்மதியாக வந்து, "போகலாம் அத்தை, பயமில்லை" என்றேன். அவர் புடவை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"பென்ஷனைப் பத்தி நான் எப்பம்மா பயந்தேன்? அங்க தெருவில உக்காந்திருக்கறது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நாத்தனாரும் டீச்சர். 2006-ல் சேர்ந்தவள். 1-4-2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று பங்களிப்புத் திட்டத்தில் போட்டு, சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தார்கள். 'பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடு' என்பதுதான் போராட்டத்தின் முதல் கோரிக்கை. அம்மா வாங்குகிற பென்ஷனுக்காக மகள் விழுப்புரத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்க, அந்த மகளின் நாற்காலியில் அம்மா போய் உட்காருவதா?

நான் விடவில்லை. "பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். கேட்டது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அத்தைக்கும் அது வலித்தது. இரவு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. மாலை ஐந்து மணிக்கு வாசல் திண்ணையில் கரும்பலகையைச் சாய்த்து வைத்தார். முதல் நாள் நாலு பிள்ளைகள், மூன்றாம் நாள் பதினொன்று. காசு வாங்கவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் டீ போட்டது மட்டும் என் வேலை.

30-ம் தேதி போராட்டம் வாபஸ் ஆனது. கோரிக்கை அப்படியே நின்றது. நாத்தனார் அந்த வார இறுதியில் வந்தாள். திண்ணையில் கிடந்த சாக்பீஸ் துண்டைப் பார்த்து, "யாரும்மா கணக்கு போட்டது?" என்று கேட்டாள்.

"நான்தான். உன் பிள்ளைகளுக்கும் சேர்த்து" என்றார் அத்தை.