அறுந்த உறவுக்கு அரசு எழுதும் கடிதம்

ஜப்பானில் வாழ வழியற்ற ஒருவர் அரசின் வாழ்க்கைப் பாதுகாப்பு உதவிக்கு விண்ணப்பித்தால், உள்ளூர் நல அலுவலகம் அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரின் முகவரியைத் தேடிப்பிடித்துக் கடிதம் போடுகிறது. ‘இவரை உங்களால் தாங்க முடியுமா, மாதம் எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்கும் படிவம் அது. பதில் எழுதுபவர் தன் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் அதில் நிரப்ப வேண்டும். பணம் தர இயலாவிட்டால், அவ்வப்போது போய்ப் பார்த்து வரவாவது முடியுமா என்றும் கேட்கப்படும். 2013 முதல் 2015 வரை இந்த உதவித்தொகையில் அரசு செய்த வெட்டு சட்டவிரோதம் என்று 2025 ஜூன் 27 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனித உரிமை வட்டாரங்கள் கொண்டாடின. வழக்கு தொகையைப் பற்றியது. கடிதத்தை யாரும் தொடவில்லை.

கடிதத்தின் வேர் 1950-ஆம் ஆண்டு வாழ்க்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-வது பிரிவில் இருக்கிறது. தாங்கக் கடமைப்பட்ட உறவினரின் உதவி, அரசு உதவிக்கு முந்தியது என்கிறது அது. யார் கடமைப்பட்டவர் என்பதைக் குடிமையியல் சட்டத்தின் 877-வது பிரிவு சொல்கிறது: நேர்வழி இரத்த உறவுகள், உடன்பிறந்தோர், குடும்ப நீதிமன்றம் முடிவு செய்தால் சித்தப்பா, மாமா வரைக்கும் இழுக்கலாம். உறவினர் கைவிரித்த பிறகுதான் உதவி என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ‘அண்ணனுக்குக் கடிதம் போடுவோம்’ என்று மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் சொன்னதுமே, சட்டத்தின் நுணுக்கம் விண்ணப்பதாரருக்குப் பொருட்டே அல்ல. அவர் எழுந்து போய்விடுகிறார்.

இத்தனைக்கும் பலன் என்ன? அரசின் சொந்த ஆய்விலேயே பண உதவிக்குச் சம்மதம் வந்தது சுமார் ஒன்றரைச் சதவீதம். டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்தில் 2019 நிதியாண்டில் வந்த புதிய விண்ணப்பங்கள் 2,275. உறவினர் உண்மையில் தாங்க முன்வந்தவை 7. ஆயிரத்துக்கு மூன்று. இந்த மூன்றுக்காகக் குடும்பப் பதிவேட்டை வரவழைக்க வேண்டும், மாறிய முகவரிகளைத் துரத்த வேண்டும், படிவம் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, கோப்பில் கட்ட வேண்டும். வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு மோசமான வசூலுக்கு ஆள் வைக்க மாட்டார். வசூல் நோக்கமில்லை என்றால் மிஞ்சுவது ஒன்றுதான்: ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது.

தெருவில் இருப்பவர் யார் என்று பார்த்தால் இது விளங்கும். டோக்கியோவின் சான்யாவிலும் ஒசாகாவின் காமகசாகியிலும் தங்கியவர்களில் பெரும்பாலோர் கட்டட, துறைமுகக் கூலிவேலைக்காக ஊரைவிட்டு வந்தவர்கள். வேலை போனதும் ஊருக்குப் போக முகமில்லாமல் தொடர்பை அறுத்துக்கொண்டவர்கள் அவர்களில் ஏராளம். இளையவர்களில் அடிக்கும் அப்பனிடமிருந்து தப்பி வந்தவர்களும் உண்டு. தன்னார்வ அமைப்பு ஒன்று 2021 தொடக்கத்தில் உதவி பெறாதவர்களிடம் காரணம் கேட்டபோது, மூன்றில் ஒருவர் சொன்னது: குடும்பத்துக்குத் தெரியக்கூடாது.

அரசோ வேறொரு எண்ணைக் காட்டுகிறது. வீடற்றோர் 2003-இல் 25,296, 2024-இல் 2,820. பூங்கா, ஆற்றங்கரை, ரயில் நிலையங்களில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழ் படுப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு இப்படித்தான் வரும். இணையக் கஃபேயின் தடுப்பறைக்குள் சாய்நாற்காலியில் இரவைக் கழிப்பவர் இதில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் டோக்கியோவில் மட்டும் ஓரிரவுக்கு சுமார் 4,000 பேர் என்று பெருநகர அரசே 2018-இல் மதிப்பிட்டது. இறந்த பிறகும், அஸ்தியை வாங்கிக்கொள்ளச் சொல்லி உறவினருக்குக் கடிதம் போகிறது. 2021-இல் வாங்க ஆளில்லாமல் உள்ளாட்சிகளின் வசம் இருந்த அஸ்திக் கலசங்கள் ஏறத்தாழ 60,000. சாம்பலுக்கே வராத உறவு வாடகைக்கு வந்துவிடுமாம்!

‘குடும்பம் இருக்க வரிப்பணம் எதற்கு?’ என்பவர்களின் வாதம் புதிதல்ல. 2012-இல் நன்றாகச் சம்பாதித்த நகைச்சுவை நடிகர் ஒருவரின் தாய் உதவி பெற்றது அம்பலமானது. அந்தக் கூச்சலுக்கு நடுவே, ஆளும் கட்சியாக வரவிருந்த தாராளவாத ஜனநாயகக் கட்சி பத்துச் சதவீத வெட்டை வாக்குறுதியாக்கியது. மறுக்கும் உறவினரிடம் விளக்கம் கேட்கும் அதிகாரமும் 2013-இல் சட்டமானது. ஒரு நடிகரை வைத்து ஒரு நாட்டுக்கே சட்டம் எழுதியவர்களிடம் புள்ளிவிவரம் பேசிப் பயனில்லை.

2021-இல் சிறு தளர்வு வந்தது. உறவினரை விசாரிப்பது கட்டாயமல்ல என்று அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இத்தனை ஆண்டு தொடர்பில்லாவிட்டால் விசாரிக்க வேண்டாம் என்ற வரம்பு இருபதாண்டிலிருந்து சுமார் பத்தாண்டாகக் குறைந்தது; விண்ணப்பதாரர் வேண்டாம் என்றால் அவர் சொல்வதைக் கேட்கவும் அறிவுறுத்தப்பட்டது. முடிவு மட்டும் உள்ளூர் அலுவலகத்தின் கையில். ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் தன் வீட்டுக் கதையை முன்பின் தெரியாத அலுவலரிடம் அவிழ்க்க வேண்டும்.

பிரிட்டன் இந்தக் கட்டத்தை 1948-லேயே கடந்தது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரைத் தாங்கியாக வேண்டும் என்று 1601 முதல் இருந்த ஏழைச் சட்டக் கடமையை தேசிய உதவிச் சட்டம் ஒழித்தது. கணவன், மனைவி, சிறு பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் மிஞ்சினர். அதனால் பிரிட்டிஷ் குடும்பம் இடிந்துவிடவில்லை. ஜப்பான் செய்ய வேண்டியதும் இதுவே: 4-வது பிரிவிலிருந்து உறவினர் பற்றிய வாசகத்தை எடுத்துவிடுவது. எடுத்தால் இணையக் கஃபேயின் தடுப்பறைகளில் சிலவாவது காலியாகலாம். செலவு என்று பார்த்தால், அரசுக்குத் தபால் தலை மிச்சம்.