மண்ணெண்ணெய் விலையும் மீன் விலையும்

எரிபொருள் விலை உயரும்போதெல்லாம் பஸ் கட்டணம் பற்றியே முதலில் பேசப்படுகின்றது. மீனின் விலை குறித்த பேச்சு, சந்தைக்குச் சென்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பத் தொடங்கிய பின்னரே எழுகின்றது. ஆனால், குருநகரிலும் பேசாலையிலும் சாய்ந்தமருதிலும் அதன் தாக்கம் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடுகின்றது.

கரையோரப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே இயங்குகின்றன. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 30 லீற்றர் எரிக்கும் படகொன்றின் எரிபொருள் செலவு 2,610 ரூபாவிலிருந்து 10,200 ரூபாவாகியது என்பதே இதன் பொருளாகும். அதற்கு முந்திய மாதங்களிலோ 87 ரூபாவுக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்தது.

இச்செலவை மீனின் விலையில் சேர்த்துக்கொள்ளும் வசதி கடற்றொழிலாளருக்கு இல்லை. மீன் காத்திருக்காது, கரையில் நடக்கும் ஏலத்தில் அன்றைய விலைக்கு அதனைக் கொடுத்தேயாக வேண்டும். வருமானத்தில் எரிபொருள் செலவு முதலில் கழிக்கப்பட்டு, எஞ்சியதே படகு உரிமையாளருக்கும் தொழிலாளருக்குமிடையே பங்கிடப்படுகின்றது. எனவே, விலையேற்றம் முதலில் விழுங்குவது தொழிலாளியின் பங்கையே ஆகும். பங்கு கட்டுப்படியாகாதபோது படகுகள் கரையில் கிடக்கின்றன. மீன்வரத்து குறைகின்றது. பனிக்கட்டி, லொறிக் கூலி, இடைத்தரகர் இலாபம் என்பனவும் சேர்ந்து விலையை மேலும் உயர்த்துகின்றன. வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கடலுக்குச் சென்றவரின் கைக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை.

2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகச் சிலாபத்தில் இடம்பெற்ற ஆர்ப்பாட்டத்தின்போது மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதை நாம் மறந்துவிடலாகாது. 2024 ஒக்டோபரில் லீற்றருக்கு 25 ரூபா மானியம் வழங்க அரசாங்கம் முன்வந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும், 30 லீற்றருக்கு அது 750 ரூபா மாத்திரமே.

மானியம் தேவை, ஆனால் அது மட்டும் போதாது. இறங்குதுறைகளில் பனிக்கட்டி உற்பத்தி நிலையங்களும் குளிரூட்டிய களஞ்சியங்களும் அமைக்கப்பட வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மீனை நியாய விலையில் நேரடியாகக் கொள்வனவு செய்யவும் வழிவகுக்கப்பட வேண்டும். மீன் காத்திருக்க இடமிருந்தால், அதனைப் பிடித்தவர் விலை பேசலாம். அத்தகைய ஏற்பாடு இல்லாதவரை, எரிபொருள் விலை குறைந்தாலும் அதன் பயன் மீனவர் குடிசைக்கோ ஏழையின் அடுப்படிக்கோ சென்றடையப் போவதில்லை என்பதை உரியவர்கள் உணர வேண்டும்.