சிறை மீண்டோரின் எழுத்தும் பிழைப்பும்

கல்கத்தாவின் ஜாதவ்பூர் பகுதியில் ரிக்‌ஷா இழுத்துவந்த மனோரஞ்சன் பியாபாரி, ஒருநாள் தம் வண்டியில் ஏறிய பெண்மணியிடம் 'ஜிஜீவிஷா' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார். உயிர்வாழும் வேட்கை என்று விடை சொன்னவர் எழுத்தாளர் மகாசுவேதா தேவி. கேட்டவர் எழுத்தறிந்தது பள்ளியில் அன்று, சிறையில். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த தலித் குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு திறக்கவில்லை. நக்சல்பாரி காலக் கொந்தளிப்பில் சிறைக் கதவு திறந்தது. மகாசுவேதா தேவி தம் 'பர்த்திகா' இதழில் அவரை எழுதவைத்தார். 2012இல் அவருடைய தன்வரலாறு வங்க மொழியில் வெளிவந்தது. 2021இல் அவர் திரிணாமூல் சட்டமன்ற உறுப்பினரானதை ஏற்காதோரும் அந்நூலை ஒதுக்கிவிட இயலாது.

இத்தகையோரை 'இரண்டாம் வாழ்க்கை கண்டவர்கள்' என்று ஊடகங்கள் கொண்டாடுகின்றன. தனிமனிதத் திறமை அனைத்தையும் வென்றுவிடும் என்பதே அக்கொண்டாட்டத்தின் உட்பொருள். நடந்தது வேறு. நூல் பேசப்பட்ட பிறகும் பியாபாரி பள்ளியொன்றில் சமையல் தொழிலாளியாகவே உழைத்தார். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் கதையும் அதுவே. பிழைப்புத் தேடிச் சென்ற குண்டூரில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு 1983இல் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்டவர் அவர். அவ்வனுபவத்தை 'லாக்கப்' நாவலாக்கினார். அதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' தேசிய விருது பெற்றது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. நூலாசிரியரை உலகறியச் செய்தது திரைப்படம். அவருக்குச் சோறிட்டு வந்தது ஆட்டோ.

கல்கத்தாச் சிறையில் நாட்டிய நாடகம் பயின்று, விடுதலைக்குப் பின் 2012இல் 'முக்தோதாரா' படத்தில் நடித்த நைஜல் அக்காரா இதை நன்குணர்ந்தவர் போலும். நடிப்பை மட்டும் நம்பியிராமல், முன்னாள் கைதிகளுக்கு வேலை தரும் நிறுவனமொன்றையும் அவர் நடத்தினார். அரசு செய்திருக்க வேண்டிய பணி அது.

எழுதவும் நடிக்கவும் வாய்த்தோர் ஒரு கைப்பிடி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்புக்கு முன்பே தண்டனை அனுபவிக்கும் இவர்களிற் பலர் குற்றமற்றவர் என்று ஒருநாள் வெளியே வருவர். மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் ஒன்பதாண்டுகள் சிறையிலிருந்து 2015இல் விடுதலையான ஆசிரியர் அப்துல் வாஹித் ஷேக், தாம் பட்ட வதைகளை உருதுவில் நூலாக்கினார். அவரது வாழ்க்கையும் திரைப்படமாயிற்று. படமெடுக்கத் தகாத 'சாதாரண' வாழ்க்கைகளுக்கு என்ன வழி?

பொய்வழக்கில் சிறைப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தனிச் சட்டவிதிகள் வேண்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. ஐந்தாண்டுகள் கழித்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே மாற்றி எழுதிய ஒன்றிய அரசு அப்பரிந்துரையைத் தொடவில்லை. போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்யவைத்தவரிடமிருந்து பெற்றுத்தரக்கூடிய தொகைக்குப் புதிய சட்டமும் விதித்துள்ள உச்சவரம்பு 1,000 ரூபாய்.