சூரியகாந்தி: செல்ஃபிக்குப் பூ போதும், எண்ணெய்க்கு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால், சுந்தரபாண்டியபுரம், சுரண்டை பக்கம் சூரியகாந்தித் தோட்டங்களில் செல்ஃபி கூட்டமும் தொடங்கிவிடும். விவசாயிக்குக் காசு தருவது என்னவோ விதைதான். அது திரண்டு வருமா, பொக்காகப் போகுமா என்பதில் மண்ணின் சத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

உரம் என்றாலே யூரியாவும் டிஏபியும்தான் நினைவுக்கு வரும். யூரியா போட்டால் செடி பச்சைப்பசேல்னு நிற்கும். ஆனால், அளவு மீறினால் விதையில் புரதம் கூடி, எண்ணெய்ச் சத்து குறையும். எண்ணெய் சேர உதவுவது கந்தகம். டிஏபியில் அது கிடையாது. சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 சதவீதம் இருக்கிறது. ஜிப்சத்திலும் உண்டு.

அடுத்தது போரான். தேவை துளிதான், குறைந்தால் விதை சரியாகப் பிடிக்காது. திருவேங்கடம் வட்டாரம் போன்ற மானாவாரிக் கரிசலில், மண்ணில் சுண்ணாம்பு அதிகமிருந்து ஈரமும் குறைந்தால், இருக்கிற போரானும் செடிக்கு எட்டாது. வெளி இதழ்கள் விரியும்போது, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து பூவில் தெளிப்பதே பரிந்துரை.

சரி, எண்ணெயின் தரம்? ஒலிக், லினோலிக் கொழுப்பு அமிலங்களின் விகிதத்தைப் பெரும்பாலும் ரகமும், விதை முற்றும் நேரத்து வெப்பமும் தீர்மானிக்கின்றன. உரம் முக்கியமாக மாற்றுவது எண்ணெயின் அளவை.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அம்சங்கள் சோதிக்கப்படுகின்றன. கந்தகம், போரான் இரண்டும் அதில் அடக்கம். வழி தெரிந்தும் ஏன் தயக்கம்? கமிஷன் கடையில் பெரும்பாலும் எடைக்குத்தான் காசு. எண்ணெய் கூடுதலாக இருப்பதற்குத் தனி விலை இல்லை என்றால், கந்தகத்துக்கு யார் கைக்காசைப் போடுவார்?

2022-ல் உக்ரைன் போர் வந்ததும் நம்ம ஊர் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. இறக்குமதியை நம்பியிருப்பதன் விலை அது. பாலுக்குக் கொழுப்புச் சத்து பார்த்து விலை வைக்கிறோம். அதேபோல், சூரியகாந்தி விதையையும் கொள்முதல் செய்யும் இடத்திலேயே எண்ணெய்ச் சத்தை அளந்து வாங்கட்டும். அப்படிச் செய்தால், மண்வள அட்டையை விவசாயி தானாகவே எடுத்துப் பார்ப்பார்.