மருத்துவர் மட்டும் போதுமா?

"பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய்?" என்று சிறுவர்களைக் கேட்டால், "டாக்டர்" என்னும் விடை அடிக்கடி கிடைக்கும். தமிழ்க் குடும்பங்களில் அந்த விடைக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால், ஒரு பிள்ளை "தாதி ஆகப்போகிறேன்" என்று சொன்னால், பல வீடுகளில் பேச்சு சற்று நின்றுவிடும். சொல்வது மகனாக இருந்தால், அந்த மௌனம் இன்னும் நீளும். சுகாதாரத் துறையை ஒரே ஒரு வேலையாகச் சுருக்கிப் பார்க்கும் இந்தப் போக்கு மாற வேண்டும். இது மாணவர்களின் வாய்ப்புகளையும் குறைக்கிறது. நோயாளிகளுக்குக் கிடைக்க வேண்டிய உதவியையும் குறைக்கிறது.

சிங்கப்பூரின் மக்கள்தொகை விரைவாக மூப்படைந்து வருகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவராக இருப்பார். வயது கூடும்போது நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுவலி, முதுமை மறதி முதலிய நோய்களும் கூடுகின்றன. இவை ஓர் அறுவை சிகிச்சையோடு தீர்ந்துவிடுபவை அல்ல. ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட வேண்டியவை. அதனால்தான் தாதியர், சிகிச்சையாளர்கள், பராமரிப்பு உதவியாளர்கள் ஆகியோரின் எண்ணிக்கை 58,000இலிருந்து 2030க்குள் 82,000ஆக உயர வேண்டும் என்று சுகாதார அமைச்சு கணித்தது.

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு முதியவரை எண்ணிப் பார்த்தால், இத்தனை பேர் ஏன் தேவை என்பது விளங்கும். மூளையின் படத்தை எடுப்பவர் கதிர்ப்படப் பிரிவின் வல்லுநர். அந்தப் படத்தைப் பார்த்து மருத்துவர் உயிரைக் காக்கிறார். அதன் பிறகு, இரவும் பகலும் அருகில் இருந்து உடல்நிலையைக் கண்காணிப்பவர் தாதி. தளர்ந்துபோன காலை மீண்டும் ஊன்றி நடக்கப் பழக்குபவர் இயன்முறைச் சிகிச்சையாளர். பேச்சுச் சிகிச்சையாளர் குழறும் பேச்சைச் சீர்படுத்துவதோடு, தண்ணீரைப் புரையேறாமல் விழுங்க முடிகிறதா என்பதையும் சோதிக்கிறார். சட்டைப் பொத்தானைப் போடவும் தாமாகவே குளிக்கவும் முதியவருக்குக் கற்றுத் தருபவர் செயல்வழிச் சிகிச்சையாளர். வீட்டுக் குளியலறையில் கைப்பிடியை எங்கே பொருத்த வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார். மருந்துகளை மருந்தாளர் விளக்குகிறார். செலவை எப்படிச் சமாளிப்பது, வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்று தவிக்கும் குடும்பத்துக்கு மருத்துவச் சமூகப் பணியாளர் வழிகாட்டுகிறார். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் முதியவர் முழுமையாகத் தேறுவது கடினம்.

இது புதிய கருத்தன்று. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளியைக் கவனிப்பவருக்கு அவர் மருத்துவரோடு ஒரே வரிசையில் இடம் கொடுத்திருக்கிறார். அவரைப் போற்றும் சமுதாயம், தாதியின் பணியைத் தாழ்வாகக் கருதுவது முரண்பாடாகும்.

தமிழ் கற்கும் மாணவர்களுக்கு இத்துறையில் மற்றொரு பங்கும் உண்டு. வலியைச் சொல்லத் தமிழில் பல சொற்கள் உள்ளன. குத்தல் வேறு, குடைச்சல் வேறு; கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. கால் வலிப்பதும் கால் மரத்துப்போவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறிந்தவர் அருகில் இருந்தால், நோயின் தன்மை மருத்துவருக்குச் சரியாகப் போய்ச் சேரும். முதுமை மறதிக்கு ஆளான சிலருக்குப் பின்னாளில் கற்ற ஆங்கிலம் மறந்து, தாய்மொழி மட்டுமே எஞ்சி நிற்பதும் உண்டு. அத்தகைய பாட்டியிடம் "சாப்பிட்டீங்களா, பாட்டி?" என்று கேட்கும் ஒருவர், மருந்து தர இயலாத ஆறுதலைத் தருகிறார்.

எனினும், இப்பணி எளிதானதன்று. இரவு நேரப் பணி, பண்டிகை நாள்களிலும் வேலை, நீண்ட நேரம் நின்றுகொண்டே இருத்தல் ஆகியவை உடலையும் மனத்தையும் சோர்வடையச் செய்கின்றன. பொறுமையிழந்த சிலர் பணியாளர்களை ஏசுவதும் தாக்க முற்படுவதும் நடக்கின்றன. உலகின் பல நாடுகளும் தாதியரைத் தேடுவதால், அனுபவம் வாய்ந்தவர்கள் வெளிநாடு செல்வதும் உண்டு. பெற்றோரின் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது.

இக்குறைகளைக் களைய முயற்சிகள் நடைபெறுகின்றன. 2024ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு 'ஏஞ்சல்' என்னும் திட்டத்தை அறிவித்தது. பொதுச் சுகாதாரத் துறையில் நீண்டகாலம் பணியாற்றும் தகுதிபெற்ற தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்க அது வழிசெய்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், பணத்தால் மட்டும் ஒருவரைப் பணியில் தக்கவைக்க முடியாது. நோயாளிகளின் குடும்பத்தினர் காட்டும் மரியாதையும், வேலைப் பளுவைப் பகிர்ந்துகொள்ளப் போதிய ஆள்களும் தேவை. இளையர்கள் இத்துறைக்கு வராவிட்டால், ஏற்கெனவே இருப்பவர்களின் சுமை மேலும் கூடும்.

இத்துறைக்குச் செல்லும் பாதைகளும் பலவாகும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும், நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தாதிமைக் கல்வி பெறலாம். இயன்முறைச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை, உணவியல் முதலிய பட்டப்படிப்புகளைச் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் வழங்குகிறது. ஒரு படியில் தொடங்கியவர் அதே படியில் நின்றுவிட வேண்டியதில்லை. மேற்படிப்பு முடித்து, நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சையைத் திட்டமிடும் நிலைக்கு உயர்ந்த தாதியரும் உள்ளனர்.

எல்லா மாணவர்களும் சுகாதாரத் துறைக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. அறிவியலில் ஆர்வமும், பிறர் துன்பத்தைப் பொறுமையோடு கேட்கும் மனமும் உள்ளவர்களுக்கே இத்துறை ஏற்றது. அத்தகைய மாணவர், மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காததைத் தோல்வியாக எண்ணித் திரும்பிவிடக் கூடாது. இன்று ஒரு பிள்ளை தாதி ஆக வேண்டாம் என்று தடுக்கும் பெற்றோரும், முதுமையில் ஒரு தாதியின் கையைப் பற்றி எழ வேண்டிய நாள் வரலாம். அந்தக் கை அப்போது அருகில் இருக்குமா என்பது, இன்றைய குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் விருப்பத்தை எப்படி மதிக்கின்றன என்பதைப் பொறுத்தது.